சுயேச்சை

– மறுபடி முதல்லருந்து வா. ஹூ டாட் யூ இங்கிலீஷ்?

– நோபடி டாட் மீ. ஐ லேர்ன்டு மைசெல்ஃப்.

– ஒப்பிக்கிற மாதிரி இருக்கு பிள்ள. யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானே படிச்சேன்னு சொல்லும்போது முகத்துல ஒரு தெளிவு வேணும்லா. இன்னொரு மட்டம் சொல்லு.

– நோபடி டாட் மீ. சார், காலைலருந்து இத்தையே சொல்லிகினு கீறோம். யாரும் சொல்லித் தரலன்றத நீங்க இத்தினி வாட்டி சொல்லித் தந்தா எனக்கே சிரிப்பு வருது.

– சிரிக்கதெல்லாம் மேடம் போனப்பொறம் சிரி. உன் கிளாஸ் வேல்ராஜத்தான் முதல்ல மேடம் முன்னாடி நிறுத்தலாம்னு பாத்தேன். அவன் 'நோபடி டச் மீ'ங்கான். என்னை யாரும் தொடப்படாதுன்னு அர்த்தம். அதக் கேட்டா மேடம் போலீஸுக்குல்லா போன் போடுவாவ.

– அவன் அப்டித்தான் சார். நான் சொல்லிடறேன், உடுங்க.

– வெளையாட்டுக்குச் சொல்லல பிரவீனா. இன்னைக்கு வாரது ஃபவுண்டேஷன் மேடம். இந்த ஐடிஐக்கு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வேணும்னு என்னை இங்க போட்டதே அந்த ஃபவுண்டேஷன்தான். இப்ப புதுசா என்ன சொல்லுதாவன்னா, பிள்ளைங்க எல்லாம் இண்டிபெண்டன்ட் லேர்னரா ஆயிருக்கணுமாம். தன்னாலயே படிக்கிறவங்களா. ஒரு பிள்ளையாவது அப்படி ஆயிருக்கான்னு பாத்து எழுதிட்டுப் போவாவ. அத வெச்சுத்தான் அடுத்த வருஷம் நான் இங்க இருக்கேனா, எங்க ஊரு அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறுதேனாங்கிறது.

– இப்பத்தான சார் உங்க வூட்டு அக்காவையும் பாப்பாவையும் இட்டுகினு வந்து மணிமங்கலத்துல வூடு புடிச்சீங்க.

– பிடிச்சாச்சு. பாப்பாவ ஸ்கூல்லயும் சேத்தாச்சு. அது இப்ப உன்ன மாதிரியே என்னைப் பாத்து 'இன்னாப்பா'ங்குது. அதான் சொல்லுதேன், சொன்னத மட்டும் சொல்லு.

– சொல்றேன் சார். ஆனா ஒரே ஒரு டவுட்டு. இண்டிபெண்டன்ட்னா சுயேச்சை தான?

– எந்தச் சுயேச்சை?

– எலக்‌ஷன்ல நிக்கறாங்களே, அவங்க. நைனா நின்னாரே.

– நான் எங்க நின்னேன்?

– நயினார் சார் இல்ல சார், நைனா. எங்கப்பா, பலராமன். மண்ணூர்ல ஷேர் ஆட்டோ ஓட்றாரே. ஒன்றிய கவுன்சிலருக்கு நின்னாரு. நோட்டீஸ்ல பேருக்குப் பக்கத்துல சுயேச்சைன்னு போட்டுகினாரு. இங்கிலீஷ்ல அத்த இண்டிபெண்டன்ட்டுன்னுதான் போட்டுருந்துது.

– வார்த்த ஒண்ணுதான். ஆனா அது வேற, இது வேற. இது யார் தயவும் இல்லாம தன்னால படிக்கிறது.

– அவரும் யார் தயவும் இல்லாமத்தான் சார் நின்னாரு. கட்சில சீட்டு கேட்டாரு. இத்தினி வருசமா போஸ்டர் ஒட்னேன், கொடி கட்னேன், மீட்டிங்குக்கு ஆளு ஏத்திகினு வந்தேன்னாரு. குடுக்கல. அதுக்கப்பறந்தான் இண்டிபெண்டன்ட் ஆனாரு. சீட்டு குடுத்துருந்தா அவரு ஏன் சார் ஆவப்போறாரு?

– சரி, அதுக்கு?

– யாரும் ஆசப்பட்டு ஆவறதில்ல சார். குடுக்க வேண்டியத குடுக்கலன்னா அதுக்குப் பேருதான் இண்டிபெண்டன்ட்டு. எங்களுக்கு டிராயிங் வாத்தியாரு வருசம் பூரா வரல. அப்ப டிராயிங்லயும் நாங்க இண்டிபெண்டன்ட்டா?

– இத மேடம்கிட்ட கேட்டுப்புடாத தாயி.

– இதுல இன்னொரு கூத்து கீது சார். சின்னம்கூட நாம கேக்கறத குடுக்க மாட்டாங்க. அவங்க குடுக்கறதுலதான் நிக்கணும். நைனா ஆட்டோ கேட்டாரு. ஆட்டோ ஓட்றவருக்கு ஆட்டோ குடுத்தா இன்னா? சீப்பு குடுத்தாங்க.

– உங்க அப்பாவுக்கா? அவருக்குத் தலையில...

– ஒரு முடி கிடையாது. ஊரே சிரிச்சிது. அவரு உட்றாரா? மூட்ட மூட்டையா சீப்பு வாங்கியாந்து வூடு வூடா குடுத்தாரு. எல்லாரும் வாங்கி, நல்லா தல வாரிகினு போயி, வேற சின்னத்துல குத்திட்டு வந்துட்டாங்க. டெபாசிட் போச்சு. மீந்த சீப்பு இன்னும் பரண் மேல கெடக்குது. நான் டெய்லி அதுலதான் வாரிகினு வரேன்.

– நல்ல மனுசன். ஆனா அவரையும் சீப்பையும் மேடம் முன்னாடி இழுக்கப்படாது. அடுத்த கேள்விக்கு வா. ஹவ் டு யூ லேர்ன்? எப்படிப் படிக்கேன்னு கேப்பாவ.

– ஐ ரீட் இங்கிலீஷ் நியூஸ்பேப்பர் எவ்ரிடே. சார், எங்க வூட்ல தமிழ் பேப்பரே கிடையாது.

– அது அவங்களுக்குத் தெரியவா போகுது.

– உண்மைய சொன்னா இன்னா சார்? அந்த வண்டிய பத்தி.

– வண்டியப் பத்தி மூச்சு விடப்படாது.

– நான் அதாண்டதான சார் பேசக் கத்துகினேன். டிரெய்னிங் போற கம்பெனில ஆளே இல்லாம தானா ஓடுது. ஸ்டோர்ஸ்லருந்து லைனுக்கு சாமான் இட்டாருது. குறுக்க நின்னா பொம்பள கொரல்ல 'எக்ஸ்க்யூஸ் மீ, ப்ளீஸ் கிவ் வே'ன்னுது. நவுரலன்னா 'அப்ஸ்டகிள் டிடெக்டட்'னுது. மொத நாளு என்னிய பாத்து அப்டி சொல்லிச்சு. எனக்கு கோவம் வந்துடுச்சு.

– தெரியுமே. எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்ட. 'சார், அப்ஸ்டகிள்னா கெட்ட வார்த்தையா?'

– குறுக்க நிக்கற தடங்கல்னு நீங்க சொன்னப்பறந்தான் ஆறிச்சு. மறுநாளு வேணும்னே போய் குறுக்க நின்னேன். 'யூ கிவ் வே'ன்னேன். அப்பறம் 'யூ ஆர் அப்ஸ்டகிள்'னேன். நீங்க 'ஆன்' சேக்கணும்னீங்க. சேத்து சொன்னேன். டெய்லி ஒரு சண்ட. ஒவ்வொரு வார்த்தையா உங்களாண்ட வாங்கினு போயி அதாண்ட சொல்றது. சூப்பர்வைசர் சிவசங்கர் சார் இன்னா சொல்றாருன்னா, என்னிய பாத்தாலே வண்டி வேற ரூட்ல போவுதாம்.

– வீட்டுலயும் இதே வம்ப நடத்தினியாமே.

– அம்மா வாசல்ல நின்னுகினு எங்கடி போறன்னாங்க. அப்ஸ்டகிள் டிடெக்டட்னேன். தொடப்பக்கட்ட வந்துச்சு.

– நல்லா வந்துருக்கும். பிரவீனா, நான் உன்ன குத்தம் சொல்லல. நீ தன்னாலதான் படிச்ச, எனக்குத் தெரியும். ஆனா வண்டிகூட வம்பு வளத்து இங்கிலீஷ் படிச்சேன்னு சொன்னா ஃபவுண்டேஷன்ல என்ன நெனைப்பாவ? பேப்பர் படிச்சேன்னா அது ஒரு மரியாத. சரி, இப்பதான் முக்கியமான கேள்வி. டூ யூ நீட் எ டீச்சர்? உனக்கு வாத்தியார் வேணுமா?

– எஸ்.

– நோ.

– வேணும் சார்.

– வேண்டாம்னு சொல்லணும் பிள்ள. 'நோ மேடம், ஐ கேன் மேனேஜ்.'

– அது பொய்யி சார். பேசிப் பாக்கறது நானு, சரி. அர்த்தம் கேக்கறது உங்களாண்ட. நீங்க இல்லன்னா அந்த வண்டி என்னிய அசிங்கமா திட்டிச்சுனே நெனச்சிகினு இருந்துருப்பேன்.

– அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனா நீ வேணும்னு சொன்னா என்ன எழுதுவாவ? 'இத்தன நாளா இந்த ஆளு என்னத்தக் கிழிச்சாரு, பிள்ள இன்னும் அவரையே பிடிச்சித் தொங்குது'ன்னுதான் எழுதுவாவ. வேண்டாம்னு சொன்னாத்தான் நான் ஒழுங்கா வேல பாத்தேன்னு அர்த்தம்.

– அப்ப, நீங்க வேணாம்னு நான் சொன்னாதான் நீங்க இங்க இருப்பீங்க.

– ஆமா.

– வேணும்னு சொன்னா போயிருவீங்க.

– அதேதான்.

– இத்த எந்த பாஷைல சார் யோசிச்சாங்க?

– இங்கிலீஷ்லதான் யோசிச்சிருப்பாவ. இரு, போன் அடிக்கி. ஹலோ, வணக்கம் மேடம். ஓரகடம் சிக்னல் தாண்டியாச்சா? கன்டெய்னர் லாரியா? ஆமா மேடம், அது அப்படித்தான் ரோட்ட அடைச்சிட்டு நிக்கும். நேரா சேரப்பணஞ்சேரி வந்தீங்கன்னா ஐடிஐ போர்டு தெரியும். பிள்ள ரெடி மேடம். சேச்சே, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுபாட்டுக்குத் தன்னால ரெடியா உக்காந்திருக்கு.

– பொய்யி சார்.

– நீ வாய மூடிட்டு, பேப்பர் படிக்கேங்கிறத மட்டும் ஞாபகம் வெச்சிக்க.

– வெச்சிக்கறேன். போன் வெச்சதுலருந்து அத்தையேதான் சார் சொல்லிகினு கீறீங்க. கேட்டாண்ட கார் வந்துடுச்சு போல. அந்த மேடம்தானே?

– அவங்களேதான். எந்திரிச்சி நில்லு. வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. இதுதான் பிரவீனா. எலக்ட்ரீஷியன் டிரேடு, ரெண்டாவது வருஷம். பிரவீனா, இவங்கதான் சசிகலா மேடம்.

– ஹாய் பிரவீனா. உக்காரும்மா, பயப்படாத. ஆக்சுவலி நான் எக்ஸாம் எல்லாம் வைக்க வரல, சும்மா பேசப்போறோம், அவ்ளோதான். நயினார் சார், நீங்களும் இருக்கலாம். ஆனா ஹெல்ப் பண்ணக்கூடாது, ஓகேவா?

– நான் பின்னால சுவரோரமா நிக்கேன் மேடம். இருக்கதே தெரியாது.

– குட். பிரவீனா, ஹூ டாட் யூ இங்கிலீஷ்?

– நோபடி டாட் மீ. ஐ லேர்ன்டு மைசெல்ஃப்.

– சூப்பர். எவ்ளோ கான்ஃபிடன்டா சொல்றா பாருங்க சார். பார்த்தீங்கன்னா, நான் இந்த மாசம் போன எல்லா ஐடிஐலயும் பசங்க இதே பதிலைத்தான் சொல்றாங்க. வார்த்தை மாறாம சொல்றாங்க. அந்த அளவுக்கு சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

– சந்தோஷம் மேடம்.

– ஹவ் டு யூ லேர்ன், பிரவீனா?

– ஐ ரீட் இங்கிலீஷ் நியூஸ்பேப்பர் எவ்ரிடே.

– வெரி குட். இன்னிக்கு பேப்பர்ல என்ன நியூஸ் படிச்ச?

– இன்னிக்கா மேடம்?

– இன்னிக்கோ நேத்தோ. ஏதாவது ஒண்ணு. இங்கிலீஷ்ல சொல்லு பாக்கலாம்.

– அப்ஸ்டகிள் டிடெக்டட், மேடம்.

– என்னது?

– தடங்கல் வந்துடுச்சுன்னு அர்த்தம் மேடம். நான் பேப்பர் படிக்கல. எங்க டிரெய்னிங் கம்பெனில ஒரு வண்டி கீது, அதாண்ட பேசித்தான்...

– மேடம், பிள்ள பதட்டத்துல என்னமோ சொல்லுது.

– சார், ப்ளீஸ். நீ சொல்லும்மா. வண்டிகிட்டயா பேசின?

– ஆமா மேடம். அது தானா ஓடும், இங்கிலீஷ்ல பேசும். குறுக்க நிக்காதன்னும். நான் நிப்பேன். நீ யாரு என்னிய கேக்கறதுக்குன்னு இங்கிலீஷ்ல சண்ட போடுவேன். ஐ ஆம் நாட் ஆன் அப்ஸ்டகிள், ஐ ஆம் எ டிரெய்னீன்னு சொல்லுவேன். அதுக்கு காது கிடையாது மேடம், அதனால கூச்சமே இல்லாம பேசலாம். தப்பாப் பேசினாலும் சிரிக்காது.

– மை காட். சார், இதை ஏன் நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல? யாரும் சொல்லித் தராம ஒரு மெஷின்கிட்ட போய் ஒரு பொண்ணு இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்கா. இதுதானே சார் நாங்க தேடிட்டிருக்கறது.

– அதத்தான் மேடம் முதல்ல சொல்லச் சொன்னேன். பிள்ளைக்குக் கூச்சம்.

– சார்...

– நீ மேடம் கேக்கதுக்கு பதில் சொல்லு.

– லாஸ்ட் கொஸ்டின், பிரவீனா. இதை மட்டும் நான் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கறேன், ஓகேவா? டூ யூ நீட் எ டீச்சர்?

– எஸ், மேடம்.

– எஸ்ஸா?

– வேணும் மேடம். வண்டி பேசுது, ஆனா கேட்டா பதில் சொல்லாது. எனக்கு அர்த்தம் தெரிலன்னா நயினார் சாராண்டதான் கேப்பேன். லீவு நாள்ல போட்டாலும் பதில் போடுவாரு. அவருக்கே தெரிலன்னா தெரியலன்னு சொல்லுவாரு மேடம். அப்பறம் ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்.

– மேடம், குறுக்க பேசுதேன்னு நெனைக்காதீங்க. இது மரியாதைக்குச் சொல்லுது. வாத்தியார வெச்சிக்கிட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்லும்? நீங்க அந்த ரெக்கார்டிங்க நிறுத்திட்டு இன்னொரு மட்டம் கேளுங்க. பிரவீனா, நல்லா யோசிச்சிச் சொல்லு.

– யோசிச்சிட்டுத்தான் சார் சொன்னேன்.

– இன்னும் கொஞ்சம் யோசி. மணிமங்கலத்த நெனச்சிக்கிட்டு யோசி.

– மணிமங்கலத்துல என்ன சார்?

– ஒண்ணுமில்ல மேடம், அங்க ஒரு கோயில் இருக்கு. அத நெனச்சா பிள்ளைக்கு மனசு தெளியும்.

– ஓ, சரி. பிரவீனா, மறுபடி கேக்கறேன். டூ யூ நீட் எ டீச்சர்?

– நோ மேடம். ஐ கேன் மேனேஜ்.

– ஷ்யூரா? இது நீயா எடுத்த முடிவுதானே?

– சார் சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்.

– சோ ஸ்வீட். கடைசி வரைக்கும் அந்த மரியாதை போகல பாருங்க. கங்கிராட்ஸ் சார், நீங்க ஜெயிச்சிட்டீங்க.

– அப்பாடா. ரொம்ப நன்றி மேடம். அப்ப அடுத்த வருஷம்...

– அடுத்த வருஷம் ஆப் வந்துடுது சார்.

– யாரு வாராவ?

– ஆப் சார், மொபைல் ஆப். பசங்களே டவுன்லோட் பண்ணி அவங்களே படிச்சிப்பாங்க. ஆக்சுவலி எங்க ஃபவுண்டேஷனோட கோலே, டீச்சர் தேவைப்படாத ஒரு நிலைமை வரணும்ங்கறதுதான். கிட்டத்தட்ட எல்லா சென்டர்லயும் பசங்க இவ்ளோ தெளிவா சொல்லிட்டாங்க, அப்புறம் நாம ஏன் அவங்களைக் கட்டிப்போடணும்? அதனால இந்த பேட்ச்சோட இங்கிலீஷ் டீச்சர் போஸ்ட்டை எடுத்துடறோம்.

– எடுத்துடறதுன்னா மேடம்?

– கவலைப்படாதீங்க, உங்களை அப்படியே விட்டுட மாட்டோம். சர்டிஃபிகேட் உண்டு. தன் தேவையே இல்லாமப் போற அளவுக்கு உழைத்த ஆசிரியர்னு போட்டு, ஃப்ரேம் பண்ணியே தருவோம்.

– மேடம், ஒண்ணு கேக்கேன். பிள்ள வேணும்னு சொல்லியிருந்தா?

– அப்படிச் சொல்லியிருந்தா ரூல்படி இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிருக்கணும். ஒரே ஒரு சென்டர்ல அப்படி ஆச்சு சார். அந்த சார் பாவம், பசங்க இன்னும் அவரையே நம்பிட்டிருக்காங்க. அடுத்த வருஷமும் அவர் அங்கயே இருந்தாகணும்.

– மேடம், அப்ப நீங்க?

– நான் என்னம்மா?

– இங்கிலீஷ் சாருங்கள பாக்கறதுதான உங்க வேல. சாருங்களே இல்லன்னா நீங்க யாரப் போய் பாப்பீங்க?

– அது... அதைப் பத்தி இன்னும் அவங்க என்கிட்ட எதுவும் சொல்லல. பாக்கலாம். சரி, நான் கிளம்பறேன் சார், இன்னும் ரெண்டு சென்டர் போகணும். பிரவீனா, கீப் இட் அப்.

– தேங்க்யூ மேடம்.

– பாத்து போயிட்டு வாங்க மேடம்.

– சார்.

– ம்.

– கார் இன்னும் கேட்டாண்டதான் கீது. ஓடிப்போயி மேடமாண்ட நான் சொல்லிட்டு வரட்டா?

– என்னன்னு சொல்லுவ? சார் சொல்லித்தான் நோன்னு சொன்னேன்னா? அதுக்கு வேற ரூல் வெச்சிருப்பாவ. விடு.

– எனக்கு அழுவையா வருது சார். நான் மொதல்ல வேணும்னுதான சொன்னேன்.

– நீ முதல் மட்டமே சரியாத்தான் சொன்ன. உள்ளதச் சொன்ன. மேடம் இங்கிலீஷ்ல கேட்டாவ, நீயும் இங்கிலீஷ்லயே எஸ்ஸுன்னு சொன்ன. நாந்தான் வழிய மறிச்சிட்டு நின்னேன்.

– அப்ஸ்டகிள்...

– டிடெக்டட். சொல்லு பிள்ள, பரவால்ல. இன்னைக்கு அது எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

– அக்காவாண்ட இன்னா சொல்லுவீங்க?

– என்னத்தச் சொல்ல. நான் ஜெயிச்சிட்டேன், சாமானக் கட்டுன்னா அவ எந்த பாஷைல புரிஞ்சிக்கிடுவா? வருத்தமாத்தான் இருக்கு பிரவீனா. பாப்பா இப்பத்தான் தெருவுல பிள்ளைங்களோட வெளையாடப் பழகியிருக்கு. அம்பைக்குக் கூட்டிட்டுப் போனா அங்க 'இன்னா'ன்னு கேட்டு எல்லாவளும் சிரிப்பாவ.

– போவாதீங்க சார்.

– போகாம இருந்து?

– எங்க செட்டுக்கு பரிச்ச வரைக்குமாவது இருங்க. வேல்ராஜ் இன்னும் டச் மீன்னுதான் சொல்லிகினு கீறான். அந்த ஆப்பு அவன திருத்துமா? எனக்கு டவுட்டு வந்தா நான் யாராண்ட கேக்கறது?

– எப்பவும் போல வாய்ஸ் மெசேஜ் போடு. அதுக்கு எந்த ஃபவுண்டேஷனும் கையெழுத்துப் போட வேண்டாம். ஞாயித்துக்கிழம வேல்ராஜையும் மத்தவங்களையும் கூட்டிட்டு மணிமங்கலத்துக்கு வா. வீடு இருக்க வரைக்கும் மொட்டமாடி இருக்கு.

– போஸ்ட் இல்லாம, சீட்டு இல்லாம, நீங்களாவா சார் சொல்லிக் குடுப்பீங்க?

– ஆமா, சுயேச்சையாத்தான். ஏ பிள்ள, உங்க வீட்டுப் பரண் மேல அந்தச் சீப்பு இன்னும் கெடக்குன்னியே.

– மூட்டையா கீது சார். எதுக்கு?

– நாளைக்கு வரும்போது எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா.